பயந்ததால்தான் தங்கவில்லையா?

கல்யாண வீட்டுப் பந்தி, கோவில் பிரகாரம், காலை நடை என்று எங்கே என் வயதுக்காரர்களைப் பார்த்தாலும் பேச்சு எப்படியோ பேரக்குழந்தைக்கு வந்துவிடுகிறது. இருக்கிறவர்கள் போனை எடுத்துப் படம் காட்டுவார்கள். இல்லாதவர்கள் குரலைத் தணித்து, "மருமகளுக்கு ட்ரீட்மெண்ட் பாத்துட்டு இருக்கோங்க" என்பார்கள். ஒருமுறை செய்து பலிக்காமல் போயிருந்தால் அடுத்து வரும் வாக்கியம் எனக்கு மனப்பாடம். "டாக்டருங்க எல்லாம் நல்லாத்தான் பண்ணுனாங்க. இவதான் பயந்து பயந்து நடுங்கிப்போட்டா. இப்படி டென்ஷன் ஆனா எப்படிங்க தங்கும்?"

இன்று இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளும். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னை ஊரில் "மயக்க டாக்டரம்மா" என்பார்கள். அரசுப் பணியில் சுமார் முப்பது வருஷம் மயக்க மருந்து கொடுத்துவிட்டு 58 வயதில் ஓய்வு பெற்றேன். அதன் பிறகும் ஒரு பத்து வருஷம், முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும், ஈரோடு பக்கம் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் வாரத்தில் மூன்று காலைகள் வேலை பார்த்தேன். பெரிய ஆபரேஷன்களையே பார்த்துப் பழகியவளுக்கு அது ஓய்வுக்கால வேலை மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். கால் மணி நேர வேலை, சின்ன டோஸ், மத்தியானம் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அந்தச் சின்ன அறையில் பார்த்த பயத்தை, குடல் வெடித்து வந்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை. வயிற்று வலியில் துடிக்கிறவருக்கு வலி நின்றால் போதும். இங்கே வருகிற பெண்ணுக்கு உடம்பில் வலியே இல்லை. எட்டு வருஷம், பத்து வருஷம் காத்திருந்து, நகையை அடகு வைத்து, அந்தக் கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்திருப்பாள்.

என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். நாம் டெஸ்ட் டியூப் பேபி என்று சொல்லிப் பழகியதுதான். 1978 ஜூலை 25ஆம் தேதி இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். இரண்டரை மாதத்துக்குள், அக்டோபர் 3ஆம் தேதி, நம் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா பிறந்தாள். அவர் சொன்னதை அரசாங்கம் அமைத்த குழு நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். (அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நினைத்தாலே மனசு ஆறாது.) அந்தக் காலத்தில் முட்டை எடுக்க வேண்டுமென்றால் வயிற்றில் ஓட்டை போட்டு, லேப்ராஸ்கோப் விட்டு, முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். 1980களில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே பிறப்புறுப்பு வழியாக நீண்ட ஊசியால் எடுக்கும் முறை வந்தது. வெட்டு இல்லை, தையல் இல்லை. பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்கும் போய்விடலாம்.

இதில் எங்கள் பங்கு, வலி தெரியாமல், அசையாமல் அந்த இருபது நிமிஷம் தூங்க வைப்பது. அசையாமல் என்பது முக்கியம். ஊசி முனைக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன.

முட்டை எடுப்பதற்கு முன் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி போட்டுக்கொள்வார்கள். கடைசியாக ஒரு ஊசி. அதை "டிரிக்கர்" என்பார்கள். அது போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்துவிட வேண்டும். முன்னால் எடுத்தால் பழுத்திருக்காது, மிகவும் பிந்தினால் தானாக வெடித்து வெளியே போய்விடும். இரவு 9 மணிக்கு ஊசி என்று சொன்னால் வீட்டில் மூன்று கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து நாளைக் கடத்தி, அடுத்த நாளும் போய், அதற்கடுத்த நாள் காலை 9 மணிக்கு என் முன்னால் வந்து படுக்கிற பெண், முந்தின இரவு தூங்கியிருப்பாள் என்று நினைக்கிறீர்களா?

இந்தப் பயம் மயக்க மருந்தை என்ன செய்கிறது?

முதலில் நரம்பு கிடைக்காது. பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், கை சில்லிட்டுப் போகும். நேற்று ரத்தம் எடுக்கும்போது கயிறு மாதிரி தெரிந்த நரம்பு இன்றைக்குக் காணாமல் போயிருக்கும். ஒரு குத்து, இரண்டு குத்து, அதனால் இன்னும் பயம். நான் வெந்நீரில் நனைத்த துண்டைக் கையில் சுற்றிவைத்துவிட்டு ஐந்து நிமிஷம் வேறு பேச்சுப் பேசுவேன்.

அடுத்தது மானிட்டர். பல்ஸ் 120, 130 என்று ஓடும். சிலர் மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டு, "விரல் எல்லாம் மரமரக்குதுங்க, எனக்கு என்னமோ ஆகுது" என்பார்கள். அந்த மரமரப்பு வேக மூச்சினால் வருவது. மெதுவாக மூச்சு விடச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். அது தெரியாத பெண்ணுக்கோ அதுவே பெரிய பீதி.

மூன்றாவது மருந்தின் அளவு. ப்ரோபோஃபால் என்று ஒரு மருந்து, பால் போல் வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தினிலும் கலக்கித் தயாரிப்பது. "முட்டை எடுக்கிறதுக்கு முட்டை மருந்துதான் கண்ணு" என்று சொன்னால் சில பேராவது சிரிப்பார்கள். ஒரே எடை, ஒரே வயது உள்ள இரண்டு பேரில் ஒருத்தி 10 மில்லியில் கண்ணை மூடுவாள். இன்னொருத்தி 14, 15 மில்லி போன பிறகும் "இன்னும் எனக்கு மயக்கம் வரலீங்க" என்பாள். இது என் கண்பார்வைக் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மயக்கவியல் டாக்டர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பிலேயே பதற்ற சுபாவம் கூடிய பெண்களுக்கு ப்ரோபோஃபால் கூடுதலாகத் தேவைப்பட்டதை அளந்து காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெண்கள் வந்தது குழந்தை வேண்டாம் என்று கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ள. அவர்களுக்கே அப்படி என்றால், வேண்டும் வேண்டும் என்று வருகிறவளைக் கேட்கவா வேண்டும்?

மருந்து கூடினால் மூச்சு மந்தமாகும், பிபி இறங்கும், நான் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பழக்கப்பட்ட கைக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை. முட்டையைச் சுற்றியிருக்கும் நீரிலும் இந்த மருந்து கொஞ்சம் போய்ச் சேர்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வழக்கமான அளவில், வழக்கமான நேரத்துக்குக் கொடுத்ததால் கரு உருவாவது கெட்டது என்று உறுதியான ஆதாரம் எதுவும் வரவில்லை. இருந்தாலும் குறைந்த மருந்து, குறைந்த நேரம் என்பதுதான் எங்கள் வழக்கம். முழித்த பிறகும் வித்தியாசம் தெரியும். பயத்தோடு தூங்கியவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டேதான் எழுந்திருப்பார்கள். வலியும் அவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆபத்தாகத் தெரிந்தது ஒன்று உண்டு. பயந்தவர்கள் உண்மையை மறைப்பார்கள்.

ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். முப்பது வயதைத் தாண்டிய பெண், ட்ராலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கு அவளுடைய 36 மணி நேரம் முடிகிறது. காகிதத்தில் எல்லாம் சரி. இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை என்று நர்ஸ் எழுதியிருந்தார். ஆனால் கேள்வி கேட்டால் என் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். பல்ஸ் 130. நான் ஃபைலை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"காலைல குளிச்சு சாமி கும்பிட்டுட்டுத்தானே கண்ணு வந்தே?"

"ஆமாங்க டாக்டரம்மா."

"பிரசாதம் ஏதாச்சும் குடுத்தாங்களா?"

கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆறரை மணிக்கு மாமியார் பூஜையறையில் சாமிக்கு வைத்த பாலை ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இங்கே வந்து சொன்னால் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுவார்களோ என்று பயம். பத்து நாள் ஊசி, பணம், அலாரம் எல்லாம் வீண். "நீங்க கேன்சல் பண்ணிராதீங்க, நான் பொறுத்துக்கறேனுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பால் விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெளிந்த தண்ணீர் என்றால் மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் அப்படி இல்லை. வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடும். எங்கள் கணக்கில் அது சாப்பாடு, ஆறு மணி நேரம் ஆக வேண்டும். மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே உலை. வேறு ஆபரேஷன் என்றால் "மத்தியானம் பார்க்கலாம், போய்ப் படும்மா" என்று சொல்லிவிடுவேன். இவளுக்கு மத்தியானம் கிடையாது. பன்னிரண்டரைக்குள் முட்டைகள் வெடித்துப் போனாலும் போய்விடும்.

மகப்பேறு டாக்டரோடு கலந்து பேசினேன். முழுத் தூக்கம் வேண்டாம், கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி குறைய ரத்தக் குழாயில் கொஞ்சம் மருந்து கொடுத்து, முழிப்போடு செய்யலாம் என்று முடிவானது. அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். "தூங்க வெக்க மாட்டேன். கொஞ்சம் இழுக்கற மாதிரி, குத்தற மாதிரி இருக்கும். நான் உன் தலைமாட்டுலயே இருப்பேன். அடுத்து என்ன பண்ணப்போறாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே வருவேன்." இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. என் வலது கை இரண்டு நாள் வலித்தது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு தடவைகூட இடுப்பை அசைக்கவில்லை. ஒன்பது முட்டை கிடைத்தது. காலையில் 130 ஓடிய பல்ஸ், விஷயத்தைச் சொல்லி அழுது முடித்ததுமே நூறுக்குக் கீழே வந்துவிட்டிருந்தது. ஒரு மருந்தும் கொடுக்காமல்.

பெண்ணின் பயத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். ஆண்பிள்ளை பயத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. அதே நாள் காலையில் கணவரும் தன் பங்கைக் கொடுத்தாக வேண்டும். ஒரு சின்ன அறை, கையில் ஒரு டப்பா, வெளியே அப்பா, மாமனார், மச்சான் வரிசையாக பெஞ்சில். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் அன்றைக்கு முடியாமல் போய்விடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். முகம் பேயறைந்த மாதிரி வெளியே வருவார்கள். மருத்துவத்தையே நிறுத்திவிடக்கூடிய பயம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். முட்டை ஒருபக்கம் காத்திருக்கும். இதற்காகத்தான் முன்கூட்டியே ஒரு நாள் மாதிரி எடுத்து உறைய வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி, அந்த பெஞ்சில் உட்காராமல் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போவது.

சரி, மூலக் கேள்விக்கு வருகிறேன். பயந்தால் தங்காதா?

பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி போய்வின் என்ற உளவியல் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை போட்டார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே பெண்களின் கவலை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை அளந்து வைத்துக்கொண்டு, பிறகு யாருக்குக் கரு தங்கியது என்று பார்த்த 14 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டது அது. மொத்தம் 3,583 பெண்கள். பதற்றம் அதிகமாக இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் கரு தங்குவதில் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பில் லேசான தொடர்பு தெரிந்தது. ஆனால் ரொம்பவும் லேசு. பெண்ணின் வயது, முட்டையின் தரம் இவற்றோடு வைத்துப் பார்த்தால் எங்கோ மூலையில் கிடக்கும் காரணம்.

இதற்கு நேர்மாறாக ஒரு சுவாரசியமான செய்தியும் உண்டு. இஸ்ரேலில் ஒரு மருத்துவமனையில், கருவை உள்ளே வைத்துவிட்டுப் படுத்திருந்த பெண்களிடம் கோமாளி வேஷம் போட்ட ஆளை அனுப்பிக் கால் மணி நேரம் சிரிக்க வைத்தார்கள். 219 பேர். கோமாளி வந்த நாளில் இருந்தவர்களில் 36 சதவீதத்துக்கு மேல், மற்றவர்களில் 20 சதவீதம் சொச்சம் கர்ப்பமானார்கள் என்று 2011இல் எழுதினார்கள். படித்துவிட்டு எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஓர் ஆய்வு. அதுவும் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த மாதிரி சரியாகப் பிரிக்காதது. அதை நம்பி நான் மூக்கில் சிவப்புப் பந்து மாட்டிக்கொள்ளவில்லை. சிரித்தால் நல்லது, அவ்வளவுதான். சிரிக்காததால் போயிற்று என்று அதிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது.

பயம் பலனைக் கெடுக்கும் வழி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அது கர்ப்பப்பை வழி இல்லை. ஒருமுறை பலிக்காமல் போய், "உன்னால்தான்" என்ற பேச்சையும் கேட்ட பெண், அடுத்த முறை வரவே மாட்டாள். பணம் இருந்தும், டாக்டர் வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லியும், மனசு தாங்காமல் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் கணிசமாக இருக்கிறார்கள். மூன்று முறையில் கிடைத்திருக்கக்கூடியது ஒரு முறையோடு முடிந்துபோகிறது.

அந்தப் பால் டம்ளர் மாமியாரைப் பிறகு ஒரு நாள் பார்த்தேன். சாதாரணமாக எங்களுக்குக் கதையின் முடிவு தெரியாது. தூங்க வைப்போம், எழுப்புவோம், அடுத்த ஆள். அன்றைக்கு அவர் ஃபைலை வாங்க வந்திருந்தார் போல. வராந்தாவில் என்னை நிறுத்தி, "தங்கலீங்க டாக்டரம்மா" என்றார். பிறகு அதே வாக்கியம். "அன்னைக்கு அத்தன பயந்துட்டாளுங்க. ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. அதுலதான் போயிருச்சு."

அவரை உட்கார வைத்து, மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் பெண்களை எண்ணிப் பார்த்த கதையை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். பயந்தவர்களுக்கும் தங்கியிருக்கிறது, பயப்படாதவர்களுக்கும் தங்காமல் போயிருக்கிறது, அதனால் அவள் நடுங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்து நான் எழுந்திருக்கும்போது, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, மெல்லக் கேட்டார்.

"அப்போ அந்தப் பாலுனாலயுங்களா?"

மறுபடியும் உட்கார்ந்தேன். மாசக்கணக்காக அந்த அம்மா இதை உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மருமகள் பயந்ததுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லாவிட்டால், தான் கொடுத்த பால்தான் காரணம் என்று ஆகிவிடும் என்று நினைத்துவிட்டார். பாலால் மூச்சுக்கு ஆபத்து வந்திருக்கலாம், கருவுக்கு ஒன்றும் இல்லை, முட்டை ஒன்பதும் நல்லபடியாகத்தான் எடுத்தோம் என்று விளக்கினேன். "நெசமாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். "இந்தச் சேதிய அவகிட்டயும் சொல்லோணுங்க" என்றார். சொன்னாரா, அந்தப் பெண் திரும்ப வந்தாளா என்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் பயத்தைக் குறைக்க எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். பயம் ஒரு துன்பம் என்பதே போதுமான காரணம். அதோடு என் வேலையும் சுலபமாகிறது. 1846இல் ஈதர் மயக்கத்தை உலகத்துக்குக் காட்டிய பாஸ்டன் மருத்துவமனையிலேயே 1963இல் எக்பர்ட் என்ற மயக்க டாக்டரும் கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். சில நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்கு முன் தூக்க ஊசி. சிலரை மட்டும் முந்தின நாளே மயக்க டாக்டர் நேரில் பார்த்து, நாளைக்கு இன்னின்னது நடக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். ஊசி போட்டவர்கள் அரைத்தூக்கத்தில் இருந்தார்களே தவிர அமைதியாக இல்லை. டாக்டர் வந்து பேசிவிட்டுப் போனவர்கள்தான் அமைதியாக இருந்தார்கள். அடுத்த ஆண்டு வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வலி எப்படி இருக்கும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களுக்கு வலி மருந்து பாதியளவே தேவைப்பட்டது. எங்கள் பாடத்தில் இதைப் படித்தோம். ஒரு நாளைக்கு இருபது கேஸ் ஓடுகிற அரசு ஆஸ்பத்திரியில் அதைச் செய்ய எங்கே நேரம்? ஓய்வுக்குப் பிறகுதான் அதற்கு நேரம் வாய்த்தது.

ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கிய ஆறு கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. நான்கு கேள்வி பயத்தைப் பற்றி, இரண்டு கேள்வி எவ்வளவு விவரம் தெரிந்துகொள்ள ஆசை என்பதைப் பற்றி. அந்தக் கடைசி இரண்டும் அருமையானவை. சிலருக்கு எல்லாம் தெரிய வேண்டும், ஊசியின் நீளம் உட்பட. சிலர் "ஒண்ணும் சொல்லாதீங்க, சாமிமேல பாரத்தப் போட்டுட்டேன்" என்பார்கள். இரண்டாவது ரகத்தாரிடம் நீளமாக விளக்கினால் பயம் கூடத்தான் செய்யும். நான் காகிதம் எதுவும் கொடுக்காமல் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொள்வேன். பிறகு அவரவருக்குத் தகுந்த மாதிரி.

பயம் என்று எல்லாரும் சொல்வார்களே ஒழிய, எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். முழிக்காமலே போய்விடுவேனோ. பாதியில் முழித்துவிடுவேனோ. உள்ளே ஆம்பிளை யாராவது இருப்பார்களா. மயக்கத்தில் ஏதாவது உளறிவிடுவேனோ. சிரிக்காதீர்கள், இந்தக் கடைசிக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். வீட்டுச் சமாச்சாரம், மாமியாரைப் பற்றி மனசில் இருப்பது, கல்யாணத்துக்கு முந்தின கதை, எதுவோ வெளியே வந்துவிடும் என்று நடுக்கம். "அப்படியே நீ பேசினாலும் எனக்குக் காது கொஞ்சம் மந்தம் கண்ணு" என்பேன்.

மல்லிகைப்பூவைக் கழற்றச் சொன்னால் அபசகுனம் என்று முகம் வாடுகிறவர்கள் இருந்தார்கள். பக்கத்து அறையில்தான் கரு வளரும் லேப், அங்கே வாசனை எதுவும் ஆகாது, சென்ட் போட்டுக்கொண்டு நானும் வரக்கூடாது என்று காரணத்தைச் சொன்னால் உடனே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். பெயரையும் கணவர் பெயரையும் நான்கு பேர் நான்கு முறை கேட்பதும் அப்படித்தான். "ஏன் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க, ஃபைல் மாறிப்போச்சா?" என்று ஒரு பெண் வெலவெலத்துவிட்டாள். மாறாமல் இருக்கத்தான் கேட்கிறார்கள் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். அறை ஏன் இருட்டாக இருக்கிறது, ஏன் இவ்வளவு குளிர், மருந்து ஏறும்போது கையில் ஏன் எரியும், எல்லாவற்றையும் நடப்பதற்கு அரை நிமிஷம் முன்னால் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கருவை உள்ளே வைக்கும்போது பெரும்பாலும் மயக்கமே தேவையில்லை. அதனால் என் வேலை அங்கே இல்லை. ஆனாலும் வராந்தாவில் பிடித்துக் கேட்பார்கள். "ஆட்டோவில் குலுங்கினா விழுந்துருங்களா?" "தும்மல் வந்தா அடக்கிக்கோணுங்களா?" விழாது. படுத்தே கிடந்தால் பலன் கூடுவதும் இல்லை, இதையும் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள்.

என் வேலை முடிகிற இடம் ரிகவரி அறை. கண்ணைத் திறந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தனை கிடைச்சுதுங்க?" பதினொன்று என்று சொன்னால் முகம் மலரும். ஐந்து நிமிஷம் கழித்து, "எத்தனை கிடைச்சுதுங்க?" நாங்கள் கொடுக்கும் மருந்தில் ஒன்றுக்கு அந்தக் குணம் உண்டு, அது உடம்பில் இருக்கும்வரை கேட்டது எதுவும் மனசில் ஒட்டாது. மூன்றாம் முறை கேட்கும்போது, முன்பே சொன்னார்களே என்பதும் தெரியாமல், சொல்லாமல் மறைக்கிறார்களோ என்ற கலக்கம் கண்ணில் வந்துவிடும். எங்கள் நர்ஸ் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பால்பாயிண்ட் பேனாவால் அந்தப் பெண்ணின் உள்ளங்கையிலேயே எண்ணை எழுதிவிடுவார். அவள் திரும்பத் திரும்பக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போவாள்.